காப்பியும் ரப்பர்க் கன்றும்



வெற்றி பெற்றவுடன் நம் மனத்தில் ஓர் எண்ணம் எழுகிறது: 'இனி நமக்கென்ன குறை?' சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறப்பதை வள்ளுவர் 'பொச்சாப்பு' என்கிறார். அதனைத் தவிர்ப்பதற்கென்றே பொச்சாவாமை என்னும் அதிகாரத்தை வகுத்திருக்கிறார். நம் மண்ணில் நடந்த கதை ஒன்றைக் கொண்டு இதை எண்ணிப் பார்ப்போம்.

நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். அந்த மரம் எளிதில் இங்கு வந்துவிடவில்லை. 1876ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் பட்டுப்போயின. மறு ஆண்டு வந்த 22 கன்றுகளே வேரூன்றின. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைப் பலமுறை வெட்டிப் பார்த்தே கண்டறிந்தார். பிறகு, "ரப்பர் நடுங்கள்" என்று தோட்டத் துரைமாரிடம் மன்றாடினார்.

அவர்களோ காப்பியில் நல்ல இலாபம் கண்டவர்கள். காப்பி காசு கொட்டும்போது ரப்பர் எதற்கு என்று நகைத்தார்கள். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டமும் சூட்டினார்கள். மலாக்காவில் டான் சாய் யான் போன்ற சிலரே 1896 வாக்கில் துணிந்து நட்டார்கள்.

பிரேசில் நாட்டுக் காப்பி சந்தையில் குவிந்தது, விலை விழுந்தது. பூச்சியும் செடிகளைத் தின்றது. கைப்பொருளை இழந்த பிறகுதான் மற்றவர்கள் ரப்பர் விதையைத் தேடி வந்தார்கள். ஆனால், கன்று வளர்ந்து பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகுமே! முன்பே நட்டவர்கள் மரம் வெட்டினார்கள், நகைத்தவர்கள் காத்திருந்தார்கள். மெத்தனத்திற்கு அவர்கள் கொடுத்த விலை அந்த ஆண்டுகள்தாம். ஆயினும், தோல்வி அவர்களுக்கும் நன்மையே செய்தது. காப்பி கைவிட்டிராவிட்டால் ரப்பரை அவர்கள் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பிள்ளை தேர்வில் தவறிவிட்டால் நாம் ஏசுகிறோம். முதல் நிலையில் தேறினால் இனிப்பு வழங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். இனி இப்படிச் செய்து பார்ப்போமே. தவறிய பிள்ளையின் அருகில் அமர்ந்து, எந்தக் கணக்கில், எந்த அடியில் தவறு நேர்ந்தது என்று சேர்ந்து தேடுவோம். தேறிய பிள்ளையிடம், "அடுத்து என்ன கற்கப் போகிறாய்?" என்று கேட்போம்.

காப்பி நல்ல விலைக்குப் போகும் நாளிலேயே, தோட்டத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர்க் கன்றையும் நட்டு வைப்போம்.