பிழைத்த மீனையும் பாருங்கள்



ஜீப்ரா மீனில் மரபணுக்களின் இயக்கம் எப்படி நெறிப்படுத்தப்படுகிறது என்பதே சங்ககிரியில் நடக்கும் இக்கருத்தரங்கின் பொருள். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் இந்தச் சிறுமீனை 1822இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டில் சென்னையிலிருந்து கிளம்பி, பவானி, ஈரோடு, கோயம்புத்தூர் என்று ஊர் ஊராகப் பயிரையும் தறியையும் மண்ணையும் குறிப்பெடுத்துக்கொண்டு போனாரே, அதே மருத்துவர்தான். இங்கிருந்து காவிரியைத் தாண்டினால் அவர் போன பாதை. இந்திய நீரில் பிறந்த மீன், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கரின் தொட்டிகளில்தான் மரபியல் ஆய்வுக்கான உயிரியானது. அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1981இல். 2009இல் டெல்லியிலுள்ள ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் நம் நாட்டுக் காட்டு ஜீப்ரா மீனின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தியது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை உண்டு என்பது 2013இல் தெளிவாயிற்று.

ஏன் இந்த மீன் என்று நாமக்கல்லில் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர்களைக் கேளுங்கள். கோழி முட்டையின் ஓட்டுக்குள் 21 நாள் நடப்பதை விளக்கொளியில் நிழலாகத்தான் பார்க்க முடியும். ஜீப்ரா மீனின் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது; ஒளி அதனூடே செல்கிறது. 28.5 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்தால் ஒரு நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாளுக்குள் குஞ்சு வெளிவந்துவிடும். ஒரு மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. துண்டோடு ஒளிரும் புரதத்தின் மரபணுவை இணைத்து ஒற்றைச் செல் நிலையில் செலுத்திவிட்டால், அந்தத் துண்டு எந்தத் திசுவில், எந்த மணி நேரத்தில் வேலை செய்கிறது என்பதை உயிருள்ள கருவிலேயே பார்க்கலாம். மனித டி.என்.ஏ. துண்டுகளைக்கூட இப்படிச் சோதிக்கிறார்கள்.

உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ. இருக்க, ஒரு செல் கண்ணாகவும் இன்னொன்று ஈரலாகவும் ஆவது எப்படி? எந்த மரபணு எப்போது, எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. விழித்திரையை எடுத்துக்கொள்வோம். மீனின் விழித்திரை காயப்பட்டால், அங்குள்ள முல்லர் கிளியா செல்கள் மீண்டும் பிளவுற்றுப் புது நரம்புச் செல்களைத் தருகின்றன. நம் கண்ணிலும் அந்தச் செல்கள் உண்டு. ஆனால் அவை அதைச் செய்வதில்லை. ராஜேஷ் ராமச்சந்திரனும் டேனியல் கோல்ட்மேனும் அவர்களின் குழுவும் 2010இல் இதன் ஒரு பகுதியை அவிழ்த்தார்கள். காயம் பட்டதும் ஆஸ்கல்1ஏ என்ற புரதம் லின்28 மரபணுவைத் தூண்டுகிறது. லின்28, லெட்-7 எனும் நுண் ஆர்.என்.ஏ.வை அடக்குகிறது. லெட்-7 பிடித்து வைத்திருந்த மரபணுக்கள் அதனால் விடுபட்டு எழுகின்றன. ராமச்சந்திரன் பின்னர் மொகாலியிலுள்ள ஐசர் ஆய்வு நிறுவனத்தில் இதே பாதையில் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். மரபணு நம்மிடமும் இருக்கிறது, நெறிப்பாடுதான் வேறு. இழந்த பார்வையைப் பற்றிய பெரிய நம்பிக்கை ஒன்று இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இளம் ஆய்வாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். மார்ஃபோலினோ என்னும் செயற்கை மூலக்கூறால் ஒரு மரபணுவின் வேலையைத் தற்காலிகமாகத் தடுத்தால் மீனில் கோளாறு தெரிகிறது. அதே மரபணுவை டி.என்.ஏ.விலேயே சிதைத்தால் பல நேரங்களில் மீன் நலமாக இருக்கிறது. முதல் முறை தவறான விளைவைக் காட்டுகிறது என்று பலர் கருதினார்கள். ஜெர்மனியில் டிடியே ஸ்டெய்னியர் குழு 2015இல் இரத்தக் குழாய் உருவாக்கத்தில் பங்குள்ள ஒரு மரபணுவைக் கொண்டு வேறொரு காரணத்தைக் காட்டியது. மரபணு சிதைந்த மீனில் அதைப் போன்ற வேறு மரபணுக்கள் கூடுதலாக இயங்கிக் குறையை ஈடுசெய்திருந்தன. ஆகவே, சிதைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை, இந்த மரபணு முக்கியமல்ல என்று எழுதிவிட முடியாது. எது எழுந்தது, எது அடங்கியது என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

இதையே நம் வட்டாரத்து ஆய்வாளர்களிடமும் கேட்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஜீப்ரா மீன் இன்று புதிதல்ல. சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் நம் ஆய்வேடுகளில் பல, நச்சு கலந்த நீரில் 96 மணி நேரத்தில் எத்தனை மீன் செத்தது, எந்தச் செறிவில் பாதி செத்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. அது தேவையான கணக்கு, மறுக்கவில்லை. அது போதாது என்கிறேன். பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயக்கழிவு கலக்கும் நீரையோ, சேலம், தருமபுரி பகுதிகளின் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரையோ குடிப்பவர் எவரும் 96 மணி நேரத்தில் சாவதில்லை. அந்த நீரோடுதான் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆகவே, குறைந்த செறிவில் பிழைத்த கருவின் எலும்பிலும் ஈரலிலும் எந்த மரபணு கூடியது, எது குறைந்தது, வளர்ந்த பிறகும் அந்த மாற்றம் நீடிக்கிறதா என்பவைதான் இந்த மண்ணுக்கான கேள்விகள். இவற்றை நம்மைவிட நெருக்கமாக யார் கேட்க முடியும்?

பெரிய கருவிகள் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். ஒரு ஆர்.என்.ஏ. எந்தத் திசுவில் இருக்கிறது என்பதை முழுக்கருவிலேயே நிறமேற்றிக் காட்டும் முறைக்கு நல்ல நுண்ணோக்கியும் பொறுமையும்தான் முதல் தேவை. கோடையில் நம் ஊர்த் தொட்டி நீர் அளவுக்கு மேல் சூடாகிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வெப்பம் கூடினாலே மரபணுக்களின் இயக்கம் மாறும், முடிவுகள் கெட்டுப்போகும். கடையில் வாங்கிய மீன்களின் பரம்பரை நமக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒவ்வொரு துறையும் தனித்தனியே மீன் வாங்கி, தனித்தனியே தோற்பதை விட, சேலம், நாமக்கல் கல்லூரிகள் சேர்ந்து, பரம்பரை தெரிந்த மீன்களை ஓரிடத்தில் வளர்த்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டு வேண்டுகோள்களுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். இங்கே கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும், உங்கள் மீன் எங்கிருந்து வந்தது, நீரின் வெப்பம் என்ன என்பதை முதலில் சொல்லுங்கள். மாலை அமர்வு முடிவதற்குள், பொதுவான மீன் வளர்ப்பகத்துக்கு எந்தக் கல்லூரி இடம் தரும், யார் பொறுப்பேற்பார் என்று பேசி முடிவெடுத்துவிட்டுக் கலையுங்கள்.