கடல் நடுவே கொர்துவான்

இன்று பிரான்சின் தென்மேற்குக் கரைக்குப் போவோம். ஜிரோந்து முகத்துவாரம் அட்லாண்டிக் பெருங்கடலோடு கலக்கும் இடம். போர்தோ துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் இந்த வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். அடியிலோ பாறைகளும், இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்திட்டுகளும்.

ருவாயான் ஊரில் படகேறுகிறோம். கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் புறப்பட முடியும். கடைசிச் சிறு தூரத்தை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடந்தே கடக்க வேண்டியிருக்கும். கரையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டரில், திறந்த கடலில், வெள்ளைக் கல்லில் எழுந்து நிற்கிறது கொர்துவான் கலங்கரை விளக்கம்.

உள்ளே நுழைந்தால் அரண்மனைதான். பளிங்குத் தரை. முதல் மாடியில் அரசருக்கென ஓர் அறை. எந்த அரசரும் அதில் தங்கியதில்லை. அதற்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுடன் ஒரு தேவாலயம். 1584-இல் பொறியாளர் லூயி த ஃபுவா பொறுப்பேற்ற வேலை 1611-இல்தான் முடிந்தது. பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெயுலேர் என்ற பொறியாளர், தேவாலயத்தைக் குலைக்காமல், கோபுரத்தை மேலும் உயர்த்தினார். இன்றைய உயரம் ஏறத்தாழ 67 மீட்டர், 301 படிகள்.

உச்சியில் கொஞ்சம் நில்லுங்கள். 1823-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் தம் புதிய வில்லையை முதன்முதலில் ஏற்றியது இங்கேதான். வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடிகள், மேலும் கீழும் சிதறி வீணாகும் ஒளியைத் திரட்டி அடிவானத்தை நோக்கி அனுப்பின. பிறகு உலகத்துக் கடற்கரைகள் எல்லாம் இதையே பின்பற்றின.

கொர்துவானைப் பழஞ்சின்னமாகப் பிரான்ஸ் அறிவித்தது 1862-இல். பாரிசின் நோத்ருதாம் பேராலயத்துக்கும் அதே ஆண்டுதான். 2006-இல் விளக்கு தானியங்கியானது. 2012-இல் அரசின் விளக்குக் காவலர்கள் விடைபெற்றார்கள். ஆனால் கதவைப் பூட்டிவிடவில்லை! உள்ளூர் ஆட்சி அமைப்புகள் சேர்ந்து வேறு காவலர்களை அமர்த்தின. அவர்கள் முறை வைத்து அங்கேயே தங்குகிறார்கள். என்னைக் கேட்டால், கொர்துவானைக் காப்பாற்றியது இந்த முடிவுதான். உப்புக்காற்றும் ஈரமும் கல்லை நாள்தோறும் அரிக்கும் இடத்தில், விரிசலை முதல் நாளே பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும். 2021-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

போக நினைக்கும் நேயர்களே, குளிர்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். வற்றுநேரத்தை விசாரித்துவிட்டு, நனைந்தால் பரவாயில்லை என்ற உடையோடு படகேறுங்கள்.