கணவருக்கு வேலை, மனைவிக்கு?

சென்னை, கோவை போன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றலாகி வருபவருக்கு விமான டிக்கெட், சில வாரம் தங்க இடம் என்று நிறுவனம் செய்துகொடுக்கிறது. வந்த மறுநாளே அவருக்கு அலுவலகம் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பேச்சுத் துணை இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் தனியே இருக்கும் மனைவிக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் ஊரில் பத்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவராகக்கூட இருக்கலாம். "அங்கே போய் வேறு வேலை தேடிக்கலாம்" என்ற பேச்சை நம்பித்தான் ராஜினாமா செய்திருப்பார். முன்பு அது ஓரளவு நடந்தது. டிபென்டன்ட்ஸ் பாசில் வந்த மனைவிக்கு, வேலை தரும் முதலாளி ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. இப்போது அவரும் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும், அதற்குரிய தகுதி நிபந்தனைகளோடு. சொந்தத் தொழில் நடத்துவோருக்கு மட்டும் சில விதிவிலக்குகள் உண்டு. இதை ஊரிலேயே, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்வது மனிதவளப் பிரிவின் கடமை. ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு சொல்லி என்ன பயன்? நிரந்தர மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறைவென்றால் குடும்பத்துக்கு அந்த பாசே கிடைக்காது. அதையும் மூடிமறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறக்கும், இங்கே ஜனவரியில். அரசாங்கப் பள்ளியில் இடம் தேடும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏ.இ.ஐ.எஸ் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலமும் கணிதமும்தான் பாடம். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. தொடக்கநிலை 6க்கும் உயர்நிலை 4க்கும் இந்த வழியே கிடையாது. அந்த வயதில் பிள்ளை இருந்தால் மாற்றலைச் சில மாதம் முன்பின்னாக வைக்க நிறுவனம் இணங்கலாமே! அனைத்துலகப் பள்ளிக் கட்டணத்தை நினைத்தால், அதுவே பெரிய உதவி.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். வாடகை வீட்டில் தாளித்துச் சமைக்க வீட்டுக்காரர் விடுவாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவைப்பது. முதல் சனிக்கிழமை சக ஊழியர் ஒருவரின் மனைவி வந்து, தேக்காச் சந்தைக்கு எந்தப் பேருந்து, பக்கத்து மருந்தகம் எங்கே, சமூக மன்றத்தில் என்ன வகுப்பு, நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எந்த மாடியில் என்று கூடவே நடந்து காட்டுவது. இதற்கு நிறுவனம் செலவழிக்க வேண்டியது ஒரு டாக்சிக் கட்டணம்தான்.