கண்மாய்த் தண்ணீரில் துருவ நட்சத்திரம்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவு வானத்தைப் படம்பிடிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழகான படம் எடுக்கக் கற்றுத் தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது வேறொரு படத்தைப் பற்றி. கண்மாயில் தண்ணீர் நிற்கும் நாளில், சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியால் எடுக்கிற படம் அது. பூமியில் நாம் எந்த அட்சரேகையில் நிற்கிறோம் என்பதை அந்தப் படத்திலிருந்து நம் பிள்ளைகளே அளந்து சொல்லிவிடலாம்.

2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணத்தின் பாதை நம் மாவட்டத்தின் வழியாகப் போனது. அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். அதுபோன்ற நாள் எப்போதாவதுதான் வரும். ஆனால் இருட்டு தினமும் வருகிறது. மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பால்வீதி கண்ணில் படுவதே இல்லை என்று 2016இல் வெளிவந்த செயற்கை ஒளி பற்றிய உலக வரைபட ஆய்வு சொன்னது. சென்னையின் நடுவில் பாடம் நடத்தும் ஆசிரியர் பால்வீதியைப் புத்தகத்தில்தான் காட்ட முடியும். ஆவுடையார்கோவில் பக்கமோ மணமேல்குடி பக்கமோ வேலை பார்ப்பவர் ஊரைவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் நேரிலேயே காட்டலாம். நம் ஊர்களிலும் வெள்ளை எல்இடி விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. தெருவுக்கு வெளிச்சம் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. மேலே மூடி இல்லாத விளக்கு தெருவோடு சேர்த்து வானத்துக்கும் வெளிச்சம் அடிக்கிறது, அதுதான் சிக்கல். அதனால் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடாமல் இந்த வருடமே செய்துவிடுங்கள் என்கிறேன்.

இனி, எப்போது எடுப்பது? பால்வீதிப் படம் என்றாலே மே, ஜூன் என்பார்கள். அப்போது நம் கண்மாய்களில் மாடுதான் மேயும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய் நிறைந்து, வானமும் தெளிந்திருக்கும் காலம் தை, மாசி, பங்குனி. அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தாமரை மூடாத, சீமைக்கருவேலம் நடுவில் முளைக்காத நீர்ப்பரப்பாகப் பாருங்கள். அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையில் கடினமான வேலை!

எங்கே நிற்பது? நம் மாவட்டத்தில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். கரையின் நடுவில் நின்றால் தண்ணீர் நமக்கு மேற்கே. பங்குனியில் இரவு பத்து மணி வாக்கில் திருவாதிரையும் ஓரியனின் இடைவார் நட்சத்திரங்கள் மூன்றும் மேற்கே சாய்ந்து தண்ணீருக்கு மேல் நிற்கும். அதையும் எடுங்கள், அழகாக இருக்கும். நமக்கு வேண்டியது வடக்கு. ஆகவே கரையின் தென்கோடிக்கு நடந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கம் வடதிசை இருக்குமாறு நில்லுங்கள்.

வானத்திலேயே அதிகப் பிரகாசமானது துருவ நட்சத்திரம்தான் என்று பிள்ளைகள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நடுத்தரப் பிரகாசம்தான். மாசி, பங்குனி இரவுகளில் வடகிழக்கே சப்தரிஷி மண்டலம் எழுந்து வரும். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கிறோமே, அந்த நட்சத்திரம் இருக்கிற கூட்டம். அதன் முன்முனையில் உள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்துக் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும். அடிவானத்திலிருந்து அது எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. புதுக்கோட்டை நகரம் 10.4 டிகிரி வடக்கு. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஒரு முஷ்டி உயரத்தில் தேடுங்கள், கிடைத்துவிடும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த முஷ்டிக் கணக்கே போதும்.

பெரிய பிள்ளைகளோடு செய்யும்போது ஒரு தடை வரும். அடிவானம் தெரியாது. எதிர்க்கரையில் பனைமரம், கருவேலம் எல்லாம் மறைத்துக்கொண்டு நிற்கும். எங்கிருந்து அளப்பது? தண்ணீர் உதவுவது இங்கேதான். அசையாத நீரின் பரப்பு ஒரு கிடைமட்டக் கண்ணாடி. நட்சத்திரம் எத்தனை டிகிரி மேலே இருக்கிறதோ, அதன் பிம்பம் அத்தனை டிகிரி கீழே தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தில் பாதிதான் உயரம். அடிவானம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மாலுமிகள் கரையிறங்கி அளக்கும்போது, தட்டில் பாதரசம் ஊற்றி அதில் தெரியும் பிம்பத்தை வைத்து இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

இந்த விஷயத்தில் தென்கோடியில் இருப்பது நமக்குச் சாதகம். தலைக்கு நேர்மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியில் 100க்கு 2 பங்கைத்தான் தண்ணீர் திருப்பி அனுப்பும். ஒளி சாய்ந்து விழ விழத் திரும்புவது கூடும். 10 டிகிரி உயரத்திலிருந்து வரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். டெல்லியில் துருவ நட்சத்திரம் 28 டிகிரிக்கு மேல் நிற்பதால், அங்கே 100க்கு 6, 7 பங்குதான் மிஞ்சும். நம்முடைய பிம்பம் கைப்பேசிக்குத் தாராளமாக எட்டும்.

கைப்பேசியை டிரைபாடிலோ, இரண்டு செங்கல்லுக்கு நடுவிலோ அசையாமல் நிறுத்துங்கள். புரோ மோடில் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 15 நொடி. ஃபோகஸ் முடிவிலியில். விரல் பட்டு ஆடாமல் இருக்க டைமர் வையுங்கள். பூமி சுழல்வதால் மற்ற நட்சத்திரங்கள் நேரம் கூடினால் கோடாக நீளும். துருவம் கிட்டத்தட்ட அசையாது என்பதால் 30 நொடி வைத்தாலும் பரவாயில்லை. மாசிப் பனியில் லென்ஸ் பூத்துப்போகும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று அடங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். படத்தைத் தானாக மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். நிலவைக் கண்டதும் இல்லாத நுணுக்கத்தைச் சேர்த்துக் காட்டும் கைப்பேசிகள்கூட வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் போட அது சரி, அளவெடுக்க ஆகாது.

ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “சார், தண்ணிக்குள்ள தெரியுற நட்சத்திரம் எவ்வளவு ஆழத்துல இருக்கு?” உடனே பதில் சொல்லிவிடாமல் அவளிடமே கைப்பேசியைக் கொடுத்தேன். முதலில் தண்ணீரின் மேற்பரப்புக்கு ஃபோகஸ் வைத்து எடுத்தாள், நட்சத்திரம் கலங்கிப்போன புள்ளியாக வந்தது. முடிவிலிக்கு மாற்றினாள், கூர்மையாக வந்தது. “அப்ப மேல எவ்வளவு தூரமோ, கீழயும் அவ்வளவு தூரம்” என்றாள். சமதள ஆடியில் பிம்பத்தின் தூரம் பற்றி நான் நடத்திய பாடத்தில் அந்த வரி இருந்தது. அவள் அதை எழுதித் தேர்விலும் மதிப்பெண் வாங்கியிருந்தாள். நம்பியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி அளவு. மறுநாள் பள்ளிச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக, 106 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் குறிகள் போடுங்கள். சரியாக 3 மீட்டர் தள்ளி நின்று, குறிகளின் நடுப்புள்ளி உயரத்தில் கேமராவை வைத்து, அதே லென்ஸ், அதே மோடில் படமெடுங்கள். அந்தக் குறிகளுக்கு இடையிலான கோணம் 20 டிகிரி. இரண்டு படங்களையும் ஒரே அளவில் அச்செடுத்து ஸ்கேலால் அளக்க வேண்டும். குறிகள் 50 மில்லிமீட்டரும், நட்சத்திரமும் பிம்பமும் 52 மில்லிமீட்டரும் இருந்தால், டேன் 10 டிகிரியாகிய 0.1763ஐ 52/50ஆல் பெருக்குங்கள். 0.1834 வரும். அட்டவணையில் தேடினால் 10.4 டிகிரி. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள். இரவுப் படத்தில் நட்சத்திரத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவிடம் படத்தின் மையத்தில் இருக்கட்டும், ஓரத்தில் லென்ஸ் இழுத்துவிடும். துருவ நட்சத்திரமே சரியான துருவத்திலிருந்து சுமார் 0.6 டிகிரி விலகியிருப்பதால், விடை அரை டிகிரி முன்பின் வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஏன் அப்படி வந்தது என்று கேளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்மாயில் கரையை ஒட்டிய பக்கம்தான் ஆழம், மடைப்பக்கம் இன்னும் மோசம். நல்லவேளையாக இந்தப் படத்துக்குத் தண்ணீர் ஓரத்துக்குப் போகவே வேண்டியதில்லை. கேமரா நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே கரையில் இருந்தால், பிம்பம் தெரியும் இடம் 17 மீட்டர் தள்ளி இருக்கும். எல்லோரும் கரையின் மேலேயே நிற்கட்டும். தலைமையாசிரியர் அனுமதி, கூட வரும் பெற்றோர், இரண்டு ஆசிரியர்கள், பாம்புக்காக டார்ச், கால்மூடிய செருப்பு, இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் போவதானால், மாசி விடியற்காலை நாலரை மணிக்குக் கோட்டைப்பட்டினம் பக்கம் தென்கிழக்கே பாருங்கள். பால்வீதியின் நடுப்பகுதி கடலுக்கு மேல் எழுந்துகொண்டிருக்கும். படகு விளக்குகள் படத்தில் விழத்தான் செய்யும், விழட்டும்.

கண்மாய்க்கே போக முடியாத பள்ளிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு அகலமான தாம்பாளம் போதும். உள்ளே கறுப்புத் துணி விரித்து, தண்ணீர் ஊற்றி, மைதானத்தில் வையுங்கள். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் மேலே, தாம்பாளத்துக்குத் தெற்கே 113 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தாம்பாளத்தை இப்படி அப்படி நகர்த்தினால் துருவ நட்சத்திரம் உள்ளே வந்து உட்காரும். அப்போதும் ஃபோகஸ் முடிவிலிதான், தாம்பாளத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னும் ஒன்று. விராலிமலையில் எடுத்த படத்துக்கும் மீமிசலில் எடுத்த படத்துக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிகூட வராது, கைப்பேசியில் அது பிடிபடாது. கன்னியாகுமரி மாவட்டப் பள்ளி ஒன்றும் திருவள்ளூர் மாவட்டப் பள்ளி ஒன்றும் அதே வாரத்தில், அதே மணிக்கு எடுத்துத் தந்தால் 5 டிகிரி அளவுக்கு வித்தியாசம் கிடைக்கும். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வடக்கு–தெற்குத் தூரத்தை வரைபடத்தில் அளந்தால், பூமியின் சுற்றளவைப் பிள்ளைகளே கணக்கிட்டுவிடலாம். அந்த மாவட்டங்களில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் தை பிறப்பதற்குள் பேசிவையுங்கள். சுவரில் குறி போட்டு 20 டிகிரி பார்க்கும் வேலையை இன்று மதிய உணவுக்குப் பிறகு இங்கேயே செய்து பார்க்கலாம். சாக்பீஸும் டேப்பும் கொண்டுவந்திருக்கிறேன்.