அயல்நாட்டுக் கல்வியும் இன்சுலினும்



நீரிழிவு என்றவுடன் அதனை முதியோர் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். பள்ளிப் பருவத்திலேயே தோன்றும் நீரிழிவும் உண்டு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை உடலின் காப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது அது. முதல் வகை நீரிழிவு என்பர். இனிப்பை மிகுதியாக உண்டதால் வந்ததன்று. 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தினார்கள். அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்றோ அவர்கள் கடல் கடந்து சென்று பட்டம் பெற்றுத் திரும்புகின்றனர்.

மதுரையிலிருந்து மான்செஸ்டருக்கு மேற்படிப்புக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். பெட்டி கட்டும்போதே அவளுடைய பாடம் தொடங்கிவிடுகிறது. இன்சுலினைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தல் ஆகாது. அங்கே அது உறைந்துபோகக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது. ஆதலின் கைப்பையிலேயே இருக்கவேண்டும். மருத்துவரின் கடிதமும் உடனிருக்கவேண்டும். வானூர்தியில் உணவுத் தட்டு கைக்கு வருமுன் உணவுக்கான ஊசியைப் போட்டுக்கொள்ளலாகாது. உணவு வண்டி எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. செப்டம்பரில் பயணம் செய்தால் அவளுடைய அந்த நாள் நான்கரை மணி நேரம் நீண்டுவிடும். நீடித்து வேலை செய்யும் இன்சுலினை எப்போது போடுவது என்பதைப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அங்கே இறங்கியபின் எண்களே மாறிவிடுகின்றன. நம் நாட்டில் இரத்தச் சர்க்கரை 180 என்று சொல்வதை அங்கே 10 என்பார்கள். நம்முடைய 72 அவர்களுக்கு 4. பதினெட்டால் வகுத்தால் கணக்கு சரியாகிவிடும். இதில் தவறினால் குழப்பம் மட்டுமே. இன்சுலின் அளவில் தவறினால் உயிருக்கே கேடு. நம் நாட்டில் குப்பியில் விற்கப்படும் இன்சுலினில் மில்லிலிட்டருக்கு 40 அலகு உடையது இன்றும் பரவலாக உள்ளது. பிரிட்டனில் வழக்கமாகக் கிடைப்பது 100 அலகு உடையது. இங்கிருந்து கொண்டுபோன ஊசிக்குழலில் அங்கு வாங்கிய இன்சுலினை 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் புகுவது 50 அலகு! எந்தக் குப்பிக்கு எந்தக் குழல் என்பதை அறியாமல் ஒரு துளியும் ஏற்றலாகாது.

உணவைப் பொறுத்தவரை அந்நாட்டில் ஒரு வசதி உண்டு. கடையில் வாங்கும் பொருளின் உறையில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். நம் வீட்டு இட்டிலியில் எவரும் அச்சிடுவதில்லை. அதனை அம்மாவின் கைதான் அளந்து வந்தது. மருந்துச் செலவைப் பற்றியும் பெரிதாக அஞ்சவேண்டுவதில்லை. நுழைவுச் சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது செலுத்தும் நலவாழ்வுக் கட்டணத்தால் அரசு மருத்துவ வசதி கிட்டும். இன்சுலின் போடுவோர் விலக்குச் சான்று பெற்றால் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிந்துகொள்ளவேண்டும். தேர்வு அறைக்குள் சர்க்கரைமானியும் சிறிது உணவும் கொண்டுபோகப் பல்கலைக்கழகத்தில் முன்னதாகவே இசைவு கேட்கலாம்.

இவையெல்லாம் கைவந்தபின்னும் ஓர் அச்சம் எஞ்சுகிறது. மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் ஒருவருக்கு ஓர் அறை. இரவில் கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கும். நீண்ட நடையாலோ, உண்ணாமல் விட்டதாலோ, மது அருந்தியதாலோ சர்க்கரை நள்ளிரவில் தாழக்கூடும். மதுவைப் பற்றி நான் நீதி கூற வரவில்லை. மதுவை மாற்றும் பணியில் ஈடுபட்ட கல்லீரல், சேமித்த சர்க்கரையை வெளிவிடுவதில் பின்தங்கிவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன். சர்க்கரை தாழ்ந்தவர் தள்ளாடுவார், குழறுவார். காண்போர் குடித்தவர் என்று விலகிப் போவர். தோலில் ஒட்டிய உணர்கருவி இப்போது எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. மதுரையில் உறங்கும் தாயின் கைப்பேசியிலும் அது ஒலிக்குமாறு செய்யலாம். ஆனால் 8,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தத் தாய் எப்படிக் கதவைத் திறப்பாள்?

ஆகவே அவள் நாணத்தை விட்டு அடுத்த அறைத் தோழியிடம் முதல் வாரத்திலேயே சொல்லவேண்டும். நம் வீடுகளில் பெண்ணின் நோயை ஊருக்கு மறைத்தே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். தோழி அறியவேண்டுவதோ மிகச் சிறிது. நினைவிருந்து விழுங்க முடிந்தால், 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை கொண்ட பானம் தரவேண்டும். கால்மணி நேரத்தில் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 999 என்ற எண்ணை அழைக்கவேண்டும். விடுதிக் காவலரிடம் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் அவள் கேட்டு வைத்திருக்கவேண்டும்.