நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் எட்டும் பரிசோதனை



கருப்பை வாய்ப் புற்றுநோயை மூலக்கூற்றுக் குறிப்பான்களால், உடலை வருத்தாமல், முன்கூட்டியே கண்டறிவது பற்றிப் பேசக் கீழ்வேளூரில் கூடியிருக்கிறோம். 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது என்றும், 80,000 பேர் வரை இறந்தார்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்நோய்க்குக் காரணமான எச்பிவி (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) தொற்று புற்றாக முற்றப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இத்தனை அவகாசம் தரும் நோய்க்கு இத்தனை உயிர்களைக் கொடுப்பதை நாம் ஏற்கலாகாது.

தமிழகம் இதில் வழிகாட்டிய மாநிலம். அடையாறு புற்றுநோய் நிலையமும் அம்பிளிக்கை மருத்துவமனையும் இணைந்து திண்டுக்கல் மாவட்டத்தில் நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையே இறப்பை 35 சதவீதம் குறைத்திருந்தது. அதே காலத்தில் தமிழக அரசு இச்சோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. ஆனால் அதற்குப் பெண் நேரில் வர வேண்டும். மேசையில் படுத்துக் கருவி வைத்துப் பார்க்க இசைய வேண்டும். கூச்சம் ஒரு தடை. ஒரு நாள் கூலி இன்னொரு தடை.

மூலக்கூற்றுச் சோதனை இந்தத் தடைகளைத் தாண்டும். 1983-இல் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் எச்பிவி 16 வகையைப் புற்றுத் திசுவில் கண்டனர். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்ட ஆய்வு, ஒரே ஒரு முறை செய்த எச்பிவி சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியதை 2009-இல் காட்டியது. பெண்ணே பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரும் மாதிரியும், பிசிஆர் முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஈடாகவே நிற்கிறது. சிறுநீரும் நம்பிக்கை தருகிறது. ஆனால் முதலில் விழும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். அதில்தான் உதிர்ந்த செல்கள் மிகுதி. பிடித்தவுடன் பாதுகாப்புக் கரைசலில் கலக்காவிட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். நாற்றங்காலுக்கு விடியலில் புறப்படும் பெண்ணிடம் இதைச் செவிலியர் எப்படிச் சொல்லித் தருவார் என்பதும் நம் ஆய்வுப் பொருளே.

எச்பிவி இருப்பதாலேயே புற்று என்றாகாது. பெரும்பாலான தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமே அகலும். யாரை உடனே மேல்பரிசோதனைக்கு ஒரத்தூர் மருத்துவக் கல்லூரிக்கோ திருவாரூருக்கோ அழைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டாவது குறிப்பான் வேண்டும். வைரஸின் இ6, இ7 புரதங்கள் செல்லின் காவல் புரதங்களை முடக்கும்போது பி16 என்னும் புரதம் பெருகுகிறது. செல்லின் சில மரபணுக்களில் மெத்தில் குறிகள் படிகின்றன. இந்த மெத்தில் குறிகளை வீட்டில் எடுத்த அதே மாதிரியிலேயே படிக்கலாம். பெண்ணை இன்னொரு முறை அலைக்கழிக்க வேண்டாம். இரத்த மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வுகள் ஏராளம். ஆனால் முன்புற்று நிலையைப் பிரித்துக் காட்டும் உறுதியை அவை இன்னும் பெறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்த இலக்கில் 70 சதவீதப் பெண்களுக்குச் சோதனை என்பதோடு, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பதும் இருக்கிறது. ஆகவே கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இது: உங்கள் குறிப்பானின் நுட்பத்தைச் சொல்லும்போது, அதன் விலையையும், முடிவு வரும் நாளையும், நோய்க்குறி கண்ட பெண் சிகிச்சைக்குச் சென்றாரா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சிகிச்சையில் முடியாத சோதனை அவருக்கு அச்சத்தைத்தான் தரும். டெல்டாவின் பெண்களுக்குப் பயன்படும் முடிவுகள் இங்கிருந்து எழட்டும் என வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.