ஆட்டின் இரத்தம் சொல்லும் சாட்சி



கால்நடை மருத்துவம் பயின்ற நாட்களில், ஆட்டுத்தொட்டி ஒன்றில் கொழுத்த செம்மறியாடு ஒன்றை அறுக்கக் கண்டேன். ஈரல் எங்கும் எலுமிச்சம்பழ அளவில் வெண்ணிறக் கட்டிகள். கீறியதும் தெளிந்த நீர் பீறிட்டது. உயிரோடிருந்தவரை அதனை நோயுற்ற ஆடு என்று எவரும் ஐயுற்றிரார். இதனை முன்னரே அறிய வழியில்லையா என்று என் ஆசிரியரைக் கேட்டேன்.

இந்த நீர்க்கட்டிக்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு. வளர்ந்த புழு நாயின் குடலில் வாழும். ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட இராது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழுந்து, மேயும் ஆடுமாடுகளின் உடலுட்சென்று கட்டிகளாகின்றன. அந்த ஈரலை நாய் தின்றால் மீண்டும் புழு. முட்டை மனிதன் வாயிற்புகுந்தாலும் இதே கட்டிதான். ஆகவே இது ஆட்டுக்காரரின் கவலை மட்டுமன்று.

அந்நியப் பொருள் உட்புகுந்தால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. கட்டியின் நீரிலிருந்து பிரித்த புரதத்தோடு ஆட்டின் சீரத்தைச் சேர்த்து, அவ்வெதிர்ப்பொருள் உளதா என்று காண்பதே இரத்தப் பரிசோதனை. 1971-இல் அறிமுகமான எலைசா முறையில், அது இருந்தால் நிறம் தோன்றும். எளிய வேலை என்று எண்ணுகிறீர்கள் அல்லவா? தொல்லை இனிமேல்தான். டீனியா என்னும் வேறு நாடாப்புழுக்களும் நாயிடமிருந்தே ஆட்டுக்கு வருகின்றன. அவற்றால் உண்டான எதிர்ப்பொருளும் இதே புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அன்றியும், கட்டி இருந்தும் ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மிகச் சொற்பமாகவே இருப்பதுண்டு. குற்றமற்றதைப் பிடித்துக் கொடுத்து, குற்றவாளியை விட்டுவிடும் சாட்சி இது! இதை மட்டும் நம்பி, ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டைக் கழித்துவிட நான் துணியமாட்டேன். அறுத்தபின் ஈரலையும் நுரையீரலையும் கண்ணால் பார்ப்பதே இன்றும் உறுதியான சோதனை.

செம்மறிகள் மிகுந்த ஐஸ்லாந்துக்கு 1863-இல் சென்ற டென்மார்க்கு அறிஞர் கிராபே, அறுத்துப் பார்த்த நாய்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இப்புழுவைக் கண்டார். கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு எட்டாமல் அழிப்பதும், நாய்க்குப் புழு மருந்து கொடுப்பதுமே பின்னர் அந்நாட்டை நோயினின்று மீட்டன. எலைசா பிறக்கும் முன்பே தொடங்கிய வேலை அது.

அன்று ஆசிரியர் விடை சொல்லுமுன், தொழிலாளி ஒருவர் அந்த ஈரலை வாயிலில் காத்திருந்த நாய்களுக்கு வீசினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.